பெட்டியை ஏமாத்துவது எப்படி?

ஏலே பேராண்டி, டென்னிஸ் ஆடணும்னா எந்திரிச்சு நிக்கணும்னு எந்தச் சட்டமும் கிடையாது. கட்டில்ல நல்லாச் சாஞ்சுக்கோ. முதுகுக்கு ரெண்டு தலையணை. இடது கையில ஆச்சி சுட்ட முறுக்கு. வலது மணிக்கட்டை மட்டும் ஈ ஓட்டுற அளவுக்கு விசுக்கு, போதும். டிவிக்குள்ள உன் பேரை வச்சுக்கிட்டு நிக்கானே ஒரு பொம்மைப் பய, அவன் ஓடுவான், பாய்வான், விழுந்து எந்திரிப்பான். வேர்வை அவனுக்கு, புள்ளி உனக்கு.

நான் ஒண்ணும் புதுசாச் சொல்லலை. நீயே கண்டுபிடிச்சுட்டியே! நேத்துத் திண்ணையில இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். மொதல்ல நின்னு ஆடுனே. பொறவு நாற்காலி நுனிக்கு வந்தே. பொறவு சாஞ்சே. கடைசியில உன் உடம்புல அசைஞ்சது மணிக்கட்டும் தாடையும்தான். ஆனா ஆட்டத்துல தோக்கலை பாரு, முன்னைவிடக் கூட ஜெயிச்சே. ஆயுசு பூரா டிரில் வாத்தியாரா விசில் ஊதுனவன்லே நான். வேர்க்காம விளையாட வழி தேடுற பயலை மைதானத்து அந்தக் கடைசியில நிக்கும்போதே கண்டுபிடிச்சிருவேன். உனக்கு நல்ல எதிர்காலம் இருக்கு.

உங்க அப்பன் போன்ல என்ன சொன்னான் தெரியுமா? "அப்பா, இது சும்மா வீடியோ கேம் இல்லப்பா, உடற்பயிற்சி. பய தொப்பை கரைஞ்சிரும்"னான். "ரொம்பச் சந்தோசம்டே"ன்னேன். என்ன விலைன்னு கேட்டேன், சொன்னான். மனசுக்குள்ள அதை உழவு மாட்டுக் கணக்குல மாத்திப் பாத்தேன். ஒரு காளையும் அதுக்கு மூக்கணாங்கயிறும் வாங்கிரலாம். அதையெல்லாம் அவன்கிட்டச் சொல்ல முடியுமா? பெத்தவன் மனசு, பிள்ளை நல்லா இருக்கணும்னு வாங்கியிருக்கான்.

இந்தக் கூத்தை ஊரறியப் பண்ணுனது நிண்டெண்டோன்னு ஜப்பான் கம்பெனி. 2006 கடைசியில வீன்னு ஒரு பெட்டி விட்டான். கையில பிடிக்கிற குச்சிக்குள்ள முடுக்கமானின்னு ஒரு சில்லு. சில்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு எடை, ஸ்பிரிங்குல நிக்கும். நீ கையை விசுக்குனா எடை கொஞ்சம் பிந்தும், அந்த இடைவெளி மாறும், மாறுனதை மின்சாரமா அளந்து பெட்டிக்குத் தகவல் போகும். அதுக்குத் தெரிஞ்ச உலகம் அவ்வளவுதான். உன் முழங்கால் மடங்குச்சா, இடுப்பு திரும்புச்சா, மூச்சு வாங்குச்சா, அதெல்லாம் குச்சிக்கு எங்க தெரியப் போவுது?

வந்த புதுசுல சனங்களுக்கு இந்த ரகசியம் தெரியாது, பாவம். நெசமாவே வீசுனாங்க. வீசுன வேகத்துல கைக்கயிறு அறுந்து, குச்சி பறந்து, டிவி கண்ணாடியில போய் மோதுச்சு. அந்த டிசம்பர்லயே கம்பெனிக்காரன் 32 லட்சம் கயிறை மாத்தித் தாரோம்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. கயிறை அறுத்தானே, அவன்தான்லே ஆட்டக்காரன்! அடுத்த வருசம் ஸ்பெயின்ல ஒரு டாக்டரு, இருபத்தொன்பது வயசு, காலையில எந்திரிக்கும்போது தோள்பட்டையில குத்துதுன்னு பாத்தா, முந்தின நாள் மணிக்கணக்கா வீ டென்னிஸ் ஆடியிருக்காரு. அதையே ஒரு நோயாக்கி, பேரும் வச்சு, அமெரிக்காவுல பெரிய மருத்துவப் பத்திரிகைக்கே கடிதம் எழுதிட்டாரு. வைத்தியம் என்னன்னா ஒரு வாரம் வலி மாத்திரை, பெட்டியைத் தொடாத விரதம். டாக்டர் ஆனாலும் ஆட்டத்துல நேர்மையா இருந்திருக்காரு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கியா? உன் அத்தை மக மதுரையில பிசியோதெரபி படிக்காள்லா, அவகிட்ட உங்க அப்பன் பெருமையைச் சொன்னேன். "தாத்தா, இதைப் பத்தி நெறைய ஆராய்ச்சி இருக்கு"ன்னு சாயங்காலம் சாயங்காலம் போன்ல படிச்சுச் சொல்லிக்கிட்டு இருக்கா. புள்ளைக்குப் பரிச்சைக்குப் படிச்ச மாதிரியும் ஆச்சு, எனக்குப் பொழுது போன மாதிரியும் ஆச்சு.

2007ல இங்கிலாந்துல, லிவர்பூல் ஊருல ஒரு சோதனை. உன் வயசுப் பிள்ளைக, பதிமூணுல இருந்து பதினஞ்சு. ஆறு பய, அஞ்சு புள்ளை. மொதல்ல உக்காந்துக்கிட்டே காரோட்டுற ஆட்டம், பொறவு வீ பெட்டியில பந்து உருட்டுறது, டென்னிஸ், குத்துச்சண்டை. உடம்புல எவ்வளவு சக்தி செலவாவுதுன்னு அளந்தாங்க. கார் ஆட்டத்தைவிட 51 விழுக்காட்டுக்குக் குறையாம கூடச் செலவாகியிருக்கு. உங்க அப்பன் இந்த 51ஐக் கேட்டா ஊரைக் கூட்டி மிட்டாய் குடுப்பான். எதைவிடக் கூடன்னு கேக்கணும்லா? குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருந்ததைவிடக் கூட. நெசமான டென்னிஸ், நெசமான குத்துச்சண்டைக்குப் பக்கத்துல கூட வரலை. ஒரு நாளைக்கு உடம்புக்கு வேணும்னு சொல்லுத கணக்குல இதைச் சேக்க முடியாதுன்னு அவங்களே எழுதிட்டாங்க.

காரணம் ரொம்பச் சின்னது. உடம்புல பெரிய சதை எல்லாம் தொடையிலயும் புட்டத்துலயும் இருக்கு. உடம்பைத் தூக்கிக்கிட்டு அது ஓடுனாத்தான் நெஞ்சு தடதடன்னு அடிக்கும், மூச்சு வாங்கும். கையை மட்டும் ஆட்டுனா அது ஆரத்தி எடுக்குத வேலை.

காலை இழுத்துவிட முயற்சி பண்ணலையான்னா, வீக்கு முன்னாடியே பண்ணியிருக்கான். 1980களோட கடைசியில இதே கம்பெனிக்காரன் தரையில விரிக்கிற விரிப்பு ஒண்ணை அமெரிக்காவுல வித்தான். பவர் பேட்னு பேரு. விரிப்புக்குள்ள அங்கங்க பொத்தான். மேல ஏறி நின்ன இடத்துலயே ஓடணும். வேகமா மிதிச்சா டிவிக்குள்ள பொம்மை வேகமா ஓடும், தாண்டுற கட்டம் வந்தா குதிக்கணும். எவ்வளவு நேரம் கால் விரிப்புல படாம இருக்கோ அவ்வளவு தூரம் பொம்மை பறக்கும். நல்லாத்தான யோசிச்சிருக்கான்? பயலுவ என்ன பண்ணுனான் தெரியுமா? குதிக்கிற நேரத்துல விரிப்பைவிட்டு மெதுவா இறங்கித் தரையில நின்னுக்கிட்டான். பெட்டி பய இன்னும் ஆகாசத்துல பறக்கான்னு நினைச்சுக்கிட்டு மீட்டரை ஓட்டிக்கிட்டே கிடந்துச்சு. தண்ணி குடிச்சுட்டு வந்து ஏறிக்கிட்டாலும் கேக்க ஆளில்லை. ஓட்டப்பந்தயத்துக்கு இன்னும் சுலபம். முட்டி போட்டு உக்காந்து கையால படபடன்னு தட்டுனாப் போதும். இந்த வித்தையை எல்லாம் கண்டுபிடிச்ச பயலுவ இன்னைக்கு உங்க அப்பன் வயசுல, பிள்ளைக்குப் பெட்டி வாங்கிக் குடுத்துக்கிட்டு இருப்பான்.

ஏமாத்துறதுக்குக் கஷ்டமான பெட்டி ஒண்ணும் வந்துச்சு. 2010ல மைக்ரோசாஃப்ட்காரன் விட்ட கினெக்ட். கையில குச்சியே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஒளிப்புள்ளிகளை வீடு பூரா தூவி, எது கிட்ட எது எட்டன்னு பாத்து, உன் கை, கால், இடுப்பு எல்லாத்தையும் கண்டுபிடிச்சிரும். மொத ரெண்டு மாசத்துல 80 லட்சம் போச்சு. ஆனா நிக்கிறதுக்கு டிவி முன்னாடி ஆறடி இடம் வேணும். சோபா, டீப்பாய், ஷோகேஸ் எல்லாத்தையும் வெளியே எடுத்துப் போட்டாத்தான் அந்த ஆறடி கிடைக்கும். 2017ல செய்யுறதையே நிறுத்திட்டான். ரொம்பக் கண்டிப்பான வாத்தியாரை எந்தப் பள்ளிக்கூடம்லே கடைசி வரைக்கும் வச்சுக்கிடுது?

சரி, எல்லாத்தையும் குறை சொல்லுதாரு கிழவருன்னு நினைக்காதே. ஒரு பெட்டிக்கு நான் எந்திரிச்சு நின்னு கும்பிடு போடுவேன். 1998ல ஜப்பான்ல கொனாமி கம்பெனி கொண்டுவந்த ஆட்டப் பலகை. டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்னு பேரு, வாயில நுழையதுக்கே ஒரு ஆட்டம் ஆடணும். கீழே முன்ன, பின்ன, இடது, வலதுன்னு நாலு அம்புக்குறி. டிவியில பாட்டோட அம்பு ஏறி வரும், தாளத்துக்குச் சரியா எந்த அம்போ அந்த அம்பை மிதிக்கணும். உடம்பு மொத்தமும் கால் மேல நிக்குது, அதனால இதுல நெசமாவே மூச்சு வாங்கும். அமெரிக்காவுல மேயோ கிளினிக்னு பேருபெத்த ஆசுபத்திரி, அங்க எட்டுல இருந்து பன்னண்டு வயசுப் பிள்ளைகளை வச்சு 2006ல அளந்து பாத்திருக்கான். சும்மா இருக்கும்போது ஆவுற செலவைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல போயிருக்கு.

அதே வருசம் அங்க மேற்கு வர்ஜீனியான்னு நிலக்கரி தோண்டுற ஒரு மாநிலம், பிள்ளைக எல்லாம் குண்டாப் போவுதேன்னு கவலைப்பட்டு, 765 அரசுப் பள்ளிக்கூடத்துக்கும் இந்தப் பலகையைக் கொண்டுபோறோம்னு அறிவிச்சுது. அதைக் கேட்டதும் எனக்குப் பலகை ஞாபகம் வரலை. கடைசியில நிக்கிற பய ஞாபகம்தான் வந்துச்சு.

மைதானத்துல ரெண்டு தலைவனை நிறுத்தி "ஆள் பிரிங்கலே"ன்னு சொன்னா என்ன நடக்கும்? நல்லா ஓடுறவன் மொதல்ல போயிருவான். பொறவு தலைவனோட சேக்காளி. பொறவு பந்துக்குச் சொந்தக்காரன். எல்லாரும் போனபொறவு ஒருத்தன் நிப்பான், சட்டைப் பித்தானைத் திருகிக்கிட்டு. "நீயே வச்சுக்கோ", "எனக்கு வேண்டாம், நீயே வச்சுக்கோ"ன்னு ரெண்டு தலைவனும் அவனை ஏலம் விடுவான். கடைசியில உப்புக்குச் சப்பாணியாச் சேத்து, பந்தே வராத மூலையில நிறுத்துவான். அடுத்த வாரம் டிரில் பீரியட்ல அந்தப் பயலுக்கு வயித்துவலி வரும். அதுக்கு அடுத்த வாரம் அவங்கம்மாகிட்ட இருந்து லெட்டர் வரும். பொறவு பத்தாங்கிளாஸ் முடியத வரைக்கும் அவன் வேப்ப மர நிழல்லதான். பொம்பளப் புள்ளைகளைப் பத்திக் கேக்கவே வேண்டாம். வயசுக்கு வந்ததும் நாமளே உக்கார வச்சிருவோம்.

அந்தப் பலகைக்கு இது எதுவும் தெரியாது. மிதிக்கிறவன் குண்டா ஒல்லியா, ஆணா பொண்ணா, எதையும் கேக்காது. சுத்தி நிக்கிறவன் எல்லாம் டிவியைத்தான் பாப்பான், இவன் தொந்தியைப் பாக்க மாட்டான். நாலு பாட்டு மிதிச்சுப் பழகிட்டான்னா, பந்தாட்டத்துல தலைவனா இருக்கவன் இவன்கிட்ட வந்து "எப்படிடா அது?"ன்னு கேப்பான். அது சாதாரணக் காரியமாலே? அதோட அங்க பலகையை வச்சது டிரில் பீரியட்ல, பக்கத்துல விசிலோட ஒரு வாத்தியாரு. நம்ம ஆளு! ஒண்ணுதான் எனக்குப் புரியலை. டிரில் பீரியடை வாங்கிக்கிட்டுப் போறதுக்கு அங்க கணக்கு வாத்தியாரே கிடையாதா? நம்ம ஊருல பலகையை இறக்கியிருந்தா, அது மேல பரிச்சைத் தாளை அடுக்கியிருப்பாரு.

வீட்டுல குடுத்துட்டுச் சும்மா விட்டா என்ன ஆவும்னும் பாத்திருக்காங்க. டெக்சாஸ்ல ஹூஸ்டன் பட்டணம். ஒன்பதுல இருந்து பன்னண்டு வயசுப் பிள்ளைகளுக்கு எல்லாம் ஆளுக்கொரு வீ பெட்டி இனாம். பாதிப் பேருக்கு உடம்பை அசைக்கிற ஆட்டம், மீதிப் பேருக்கு உக்காந்து ஆடுற ஆட்டம். இவ்வளவு நேரம் ஆடுன்னு யாரும் சொல்லலை. இடுப்புல ஒரு கருவியைக் கட்டி 13 வாரம் கணக்கெடுத்தா, ரெண்டு கூட்டமும் நாள் பூரா ஒரே அளவுதான் அசைஞ்சிருக்கு! 2012ல அச்சுல வந்தது. ஒண்ணு, பயலுவ உன் மணிக்கட்டு வித்தையைக் கத்துக்கிட்டிருப்பான். இல்லைன்னா இங்க குதிச்சதை அங்க படுத்துச் சரிக்கட்டியிருப்பான். உடம்பு வட்டிக்காரனைவிடக் கெட்டிலே, கொடுத்ததை வாங்காம விடாது. நியூசிலாந்துல குண்டுப் பிள்ளைக 322 பேரை வச்சு 24 வாரம் பாத்ததுல எடைக்கணக்கு கொஞ்சூண்டு நல்லபடியா மாறியிருக்கு, இல்லைன்னு சொல்லலை. அந்தக் கொஞ்சூண்டுக்காகத்தான் இன்னும் உன் பெட்டி இந்த வீட்டுல இருக்கு. இல்லைன்னா என்னைக்கோ பரண்ல ஏத்தியிருப்பேன்.

2016ல போக்கிமான் கோன்னு ஒண்ணு வந்துச்சே, அப்ப நீ சின்னப் பிள்ளை. போனைத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவாப் பேய் பிடிச்சவன் கணக்கா அலைஞ்சாங்க. நல்லதுதான, நடந்தாச் சரின்னு டாக்டர்களும் சந்தோசப்பட்டாங்க. அமெரிக்காவுல வாலிபப் பிள்ளைகளோட போன்ல இருந்த காலடிக் கணக்கை எடுத்துப் பாத்தா, மொத வாரம் நாளைக்கு 955 காலடி கூட நடந்திருக்காங்க. வாரம் ஏற ஏற அது இறங்கி, ஆறாவது வாரம் பழைய கணக்குக்கே வந்துட்டு. நடந்தாத்தான் அதுல முட்டை பொரியுமாம். அதுக்குப் போனை மின்விசிறியில கட்டிச் சுத்தவிட்ட புண்ணியவான்களும் உண்டு. விசிறிக்குத் தொப்பை கரைஞ்சிருக்கும்.

ஆறு வாரம்! இதுல எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்க காலத்துலயும் எந்த ஆட்டமும் அதுக்கு மேல நின்னதில்லை. பம்பரம் வந்தா தெரு பூரா பம்பரம், சாட்டைக் கயிறுக்குக் கடையில தட்டுப்பாடு. திடீர்னு ஒரு நாள் பம்பரத்தைத் தொட ஆளிருக்காது, எல்லாப் பயலும் கோலிக்குக் குழி தோண்டிக்கிட்டு இருப்பான். பொறவு கிட்டிப்புள்ளு. காத்து ஏறுச்சுன்னா பட்டம். "இன்னைக்கோட கோலி முடிஞ்சுது"ன்னு எவன் சொல்லுவான், எல்லாருக்கும் எப்படித் தெரியும்? இன்னைக்கு வரைக்கும் அந்த மர்மம் விளங்கலை. ஆட்டம் சலிக்கும், பயலுவ சலிக்க மாட்டான். நாலு பேரு தெருவுல நின்னா அஞ்சாவது ஆட்டத்தை அவனே உண்டாக்கிருவான். உன் பெட்டியில சலிச்சுப் போச்சுன்னா, அடுத்த ஆட்டத்துக்கு உங்க அப்பன் கார்டைத் தேய்க்கணும்.

உங்க அப்பனைச் சொல்லியும் குத்தமில்லை. உங்க அடுக்குமாடியில பிள்ளைக விளையாடன்னு விட்ட இடத்துல ரெண்டாவது கார் நிக்குது. மிச்சம் இருக்க இடத்துல "பந்து விளையாடக் கூடாது"ன்னு பலகை. பள்ளிக்கூடம் விட்டா டியூஷன், டியூஷன் விட்டா இருட்டு. அந்த நேரத்துல உன்னை எங்கலே ஓடவிட? அஞ்சுல இருந்து பதினேழு வயசு வரைக்கும் சராசரியா நாளைக்கு 60 நிமிசம் மூச்சு வாங்க ஆடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அவங்க ஆளுக எழுதி 2019ல வந்த கணக்குப்படி உலகத்துல 11லிருந்து 17 வயசுப் பிள்ளைகள்ல 81 விழுக்காடு அந்த அளவுக்கு ஆடலை. பொம்பளப் புள்ளைக 85, பயலுவ 78. நம்ம நாடு பரவாயில்லை, 74க்குப் பக்கம். வகுப்புல நாலுக்கு மூணு பேரு பெயிலு, அதுல நமக்குப் பெருமை வேற. அந்த மூணுல உங்க அப்பன் தன் பிள்ளையைப் பாத்துட்டான், பயந்துட்டான், பெட்டியை வாங்கிட்டான். 60 நிமிசத்தைக் காசு குடுத்து வாங்கிரலாம்னு கணக்குப் போட்டிருக்கான். கணக்கு வாத்தியார்கிட்டப் படிச்ச பய அப்படித்தான் போடுவான்.

இப்ப உனக்கு நெசமான யோசனை சொல்லுதேன், காதைக் குடு. உன் பெட்டியோட ஒரு வளையம் வந்திருக்குலா, பிரிக்காம மூலையில வச்சிருக்கியே, அதை எடு. ரிங் ஃபிட்னு 2019ல வந்தது. வளையத்தை அமுக்கணும், இழுக்கணும். இடது தொடையில ஒரு பட்டை கட்டணும். அந்தப் பட்டைக்கு நீ உக்காந்து எந்திரிச்சது தெரியும். பூதத்தை அடிக்கணும்னா நீ தோப்புக்கரணம் போட்டாகணும்! பிள்ளையாருக்குச் சும்மா போட்ட தோப்புக்கரணத்தைக் காசு குடுத்துப் பூதத்துக்குப் போட வச்சிருக்கான் பாரு, அவன்தான்லே வியாபாரி. மாடி வீட்டுக்காரன் குதிச்சா கீழ்வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான்னு, சத்தமில்லாம ஆடுறதுக்கும் அதுல ஒரு வழி வச்சிருக்கான். இங்க அது வேண்டாம், நம்ம வீடு மண் தரை. நல்லாக் குதி.

தனியா ஆடாதே. தெருப் பயலுவ நாலு பேரு காலையில இருந்து வாசல்ல எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கான், உள்ள கூப்புடு. ஆளுக்கு ஒரு முறை குடு. எவன் உக்காந்துக்கிட்டு மணிக்கட்டை ஆட்டுதானோ அவன் அவுட்டு. அதைப் பாக்கதுக்கு நான் இருக்கேன், பழைய விசிலும் என் டிரங்குப் பெட்டியில இருக்கு. தோத்தவன் கிணத்துல ரெண்டு வாளி தண்ணி எறைச்சு ஆச்சியோட செடிக்கு ஊத்தணும்.

இன்னொண்ணு. சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல, ஆட்டம் நல்லாச் சூடு பிடிச்சிருக்கும்போது, டிவி பட்டுன்னு அணைஞ்சிரும். அது இந்த ஊரு கரண்டோட குணம், அழாதே. அஞ்சு பயலுவ கூடியிருக்க, வெளியே வெயில் தணிஞ்சிருக்கும், களத்துமேட்டுல இடம் கிடக்கு, என்ன பண்ணணும்னு உங்களுக்கே தோணும். கரண்டு ஆபீசுக்கு மட்டும் போன் போட்டுராதே. பீஸ் கட்டை என் வேட்டி மடியில பத்திரமா இருக்கும். உங்க அப்பன்கிட்டயும் மூச்சு விட்டுராதே. கேள்விப்பட்டான்னா மறுநாளே இன்வெர்ட்டர் வாங்கி அனுப்பிருவான்.